பாறைமேல் தக்காளி

தங்கசாமி பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தபோது ஊரில் அவனுக்காகக் காத்துக் கிடந்தவை இரண்டு: ஒரு மனைவி, ஒரு பாறை. மனைவி அவனே பார்த்துக் கட்டிக்கொண்டவள். பாறை, அண்ணன் பார்த்து ஒதுக்கி வைத்தது.

சேந்தமங்கலத்துக்கு இந்தப் பக்கம், கரட்டுக் குன்றை ஒட்டினாற்போல இருந்தது அந்தப் பங்கு. அரை ஏக்கர் பரப்புக்கு வழுவழுவென்று ஒரே கல். ஓரத்தில் ஓர் ஓட்டு வீடு, ஒரு கட்டுத்தரை, ஒரு பசு. கிணறும் செம்மண் காடும் அண்ணன் சின்னண்ணனுக்குப் போய்விட்டன. பெயர்தான் சின்னண்ணன், வீட்டுக்கு மூத்தவர், பங்கு பிரிக்கும்போது கையும் பெரிய கை. “துப்பாக்கி புடிக்கறவனுக்கு மண்ணு எதுக்கு?” என்று கேட்டாராம். பதில் சொல்ல வேண்டியவன் அப்போது இராக்கில், பஸ்ராவுக்கு அப்பால் பாலைவனத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான்.

சௌந்திரத்துக்கு அந்தப் பங்குச் சண்டையெல்லாம் பெரிதாகப் படவில்லை. கல்யாணமாகி நாற்பதாம் நாள் போனவன் ஐந்து வருஷம் கழித்துக் கைகால் குறையாமல் வந்து நின்றான். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இனி அவன் எங்கேயும் போகக்கூடாது. ஆனால் பாறையை வைத்துக்கொண்டு ஒரு ஆண்பிள்ளை எத்தனை நாள் ஊரில் உட்கார்ந்திருப்பான்?

வந்த மாசமே அவன் ஒரு வழி சொன்னான்.

“மண்ணே இல்லாம வெள்ளாமை பண்ணலாம் புள்ள. அங்க மணல்காட்டுல தொரைங்க பண்ணுனாங்க. தொட்டி நெறையப் பொடிக்கல்லு. அதுல தக்காளிச் செடி. தண்ணியில உப்பைக் கரைச்சு ஊத்துவாங்க. செடிக்கு ஓணுங்கறது பூரா அந்த உப்புல இருக்குது.”

வெயிலில் அதிகம் அலைந்துவிட்டான் போலிருக்கிறது என்று சௌந்திரம் நினைத்தாள். ஆனால் அவன் பெட்டியைத் திறந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தான். அதற்குள் வெள்ளையாகவும் சாம்பலாகவும் உப்புப் பொட்டலங்கள். கட்டுத்தரையில் சும்மா கிடந்த மூன்று கல்தொட்டிகளைப் பாறைமேல் நகர்த்தி வைத்தான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற தொட்டிகள்தாம். அடியில் துளை போட்டு, மரத் தக்கையால் அடைத்து, சரளைக்கல்லைக் கழுவி நிரப்பினான். மிளகாய் நட்டான். ஊர் சிரித்தது. மூன்றாம் மாசம் மிளகாய் சடைசடையாகக் காய்த்தது. அப்புறம் ஊர் சிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

உப்பு தீர்ந்துபோயிற்று. அந்த உப்பு சேலத்திலும் கிடைக்கவில்லை, திருச்சியிலும் கிடைக்கவில்லை. “அது என்னன்னு எழுதிக் கொடுங்க” என்று கேட்டார்கள். அவனுக்கு அது வெள்ளை உப்பு, சாம்பல் உப்பு என்பதற்கு மேல் தெரியாது. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். பிறகு ஒருநாள் பசுவுக்குக் கடலைப் புண்ணாக்குக் கரைத்துக்கொண்டிருந்த சௌந்திரத்தின் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“செடிக்கு ஓணுங்கறது இதுலயும் இருக்கோணுமே புள்ள!”

அன்றிலிருந்து வீட்டுப் பின்பக்கம் ஒரே பானைமயம். புண்ணாக்கை ஊறப்போடுவான், தினமும் குச்சி விட்டுக் கலக்குவான். முதல் வாரம் அந்தப் பக்கம் காக்கைகூட வராது, அப்படி ஒரு நாற்றம். மூன்றாம் வாரம் நாற்றம் அடங்கி, மழை பெய்த மண்ணின் வாசம் போல ஏதோ வரும். அதைத் துணியில் வடிகட்டி, ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு அகப்பை என்று கலந்து தொட்டியில் ஊற்றுவான். நூறு எண்ணுவான். தக்கையைப் பிடுங்கி, தண்ணீர் முழுவதையும் கீழே வைத்த பானையில் வடிய விடுவான். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. ஏன் இப்படி என்று சௌந்திரம் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. பட்டாளத்தில் இப்படிச் செய் என்று சொல்லுவார்களே தவிர, ஏன் என்று சொல்லும் வழக்கம் கிடையாது. அந்தப் பழக்கம் அவனுக்கும் தொற்றியிருந்தது. சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சுதந்திரம் வந்த வருஷம் மூன்று தொட்டியிலும் தக்காளி நட்டான். அந்த வருஷம் மழை ஏமாற்றியது. தினமும் நாலு குடம் தண்ணீருக்கு அண்ணன் கிணற்றைத்தான் நம்ப வேண்டியிருந்தது. சின்னண்ணன் மாட்டேன் என்று சொல்லவில்லை. அவர் எதையும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்; ஒரு வார்த்தையைப் பின்னால் சேர்த்துக்கொள்வார்.

“எடுத்துக்க சாமி. தைநோம்பி வரைக்கும் எடுத்துக்க. அன்னைக்கு நானே வந்து பாக்கறேன். பழம் இருந்துதுன்னா வாய்க்கால்ல ஒரு மடை உனக்கு, நான் கண்ண மூடற மட்டும். இல்லீன்னா அந்தப் பாறைய எங்கிட்ட உட்டுப்போட்டு சங்ககிரிக்கு லாரி ஓட்டப் போயிரு. எனக்கும் அடிச்சுத் தூத்த ஒரு களம் ஓணுமில்ல?”

தங்கசாமி தலையாட்டினான். கதவுக்குப் பின்னால் நின்று சௌந்திரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று முதல் அந்தத் தக்காளிச் செடிகள் அவளுக்குச் செடிகளாகத் தெரியவில்லை. அவனைக் கட்டிப்போட்டு வைக்கிற கயிறாகத் தெரிந்தன.

மார்கழி பாதியில் செடிகள் இடுப்பளவு நின்றன. கொத்துக் கொத்தாகப் பச்சைக் காய். ஒன்றிரண்டு நிறம் மாறத் தொடங்கியிருந்தன. பொங்கல் நோம்பிக்குப் பத்து நாள் இருக்கும்போது, கடலை மூட்டைகளைச் சேலத்துக்கு வண்டியில் கொண்டுபோக ஆள் வேண்டும் என்று சின்னண்ணன் சொல்லியனுப்பினார். அவர் கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு முடியாது என்று எப்படிச் சொல்வது?

“மூணு நாள்ல வந்தர்றேன்,” என்றான் தங்கசாமி. “இந்தப் பானையில மூணு நாளைக்கு ஆவற கரைசல் பதனமா ஊறி இருக்குது. கொடத்துக்கு ஒரு அகப்பை. நூறு எண்ணு. தண்ணி பூரா வடியோணும். அவ்வளவுதான் புள்ள.”

“சரிங்க மாமா. நாம் பாத்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க.”

வண்டி கண்ணுக்கு மறைந்ததும் அவள் தொட்டிகளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அடியிலைகள் கொஞ்சம் மஞ்சளாக இருப்பதுபோல் பட்டது. காய் பிடித்த செடியில் அடியிலை அப்படித்தான் இருக்கும். ஆனால் சௌந்திரத்தின் கண்ணுக்கு அது பசி. பத்து நாளில் மூத்தார் வந்து பார்க்கப் போகிற செடி வாடி நிற்கிறது. இவர் என்னடா என்றால் ஒரு அகப்பை ஊற்று, அதையும் நூறு எண்ணுவதற்குள் பிடுங்கிவிடு என்கிறார். தட்டில் சோற்றைப் போட்டு, இரண்டு கவளம் உண்பதற்குள் தட்டை எடுத்துவிடுவதா? அதுவும் மூன்று வாரத்துப் பழசு. அவள் பிறந்த வீட்டில் ஊசிப்போனதை மாட்டுக்குக்கூட வைக்க மாட்டார்கள். ஒரம்பரை, விருந்து என்று யார் வந்தாலும் உலையில் புதிதாக அரிசி போடுகிற குடும்பம் அது.

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பாவம். கை தாராளம். அந்தத் தாராளத்துக்காகவே அவளை ஊரில் எல்லோருக்கும் பிடிக்கும்.

பானையில் இருந்ததைக் குப்பைக்குழி ஓரமாகக் கொட்டினாள். பானையைத் தேய்த்துக் கழுவினாள். பசுவுக்கு வைத்திருந்த புதுப் புண்ணாக்கை உடைத்து, வெந்நீர் விட்டு, கட்டியில்லாமல் கையால் பிசைந்து, பால்போலக் கரைத்தாள். மூன்று தொட்டியிலும் விளிம்பு வரைக்கும் ஊற்றினாள். தக்கையைப் பிடுங்கவில்லை. “வகுறு நெறையக் குடிங்க சாமி,” என்று செடிகளிடம் சொல்லிவிட்டு வந்தாள். அன்று பசு வெறும் தண்ணீர்தான் குடித்தது.

மறுநாள் காலையில் தொட்டிகளில் நுரை கட்டியிருந்தது. புளித்த வாடை. உச்சி வெயிலுக்குச் செடிகள் தலையைத் தொங்கப்போட்டன. இன்னும் தண்ணீர் போதவில்லையோ என்று இன்னொரு குடம் ஊற்றினாள். மூன்றாம் நாள் விடிந்தபோது வாடை மூச்சை முட்டியது. ஒரு செடியைப் பிடித்து லேசாக இழுத்தாள். அது கையோடு வந்துவிட்டது. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் கறுத்து, நூல்நூலாக வழுக்கியது.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? தக்கைகளைப் பிடுங்கி விட்டாள். குடம் குடமாக நல்ல தண்ணீர் ஊற்றிக் கல்லைக் கழுவினாள். அழுதுகொண்டே கழுவினாள். பானையை மீண்டும் தேய்த்து வெயிலில் கவிழ்த்தாள்.

மாலையில் தங்கசாமி வந்தான். வீட்டுக்குள் நுழையாமல் நேரே பாறைக்குப் போனான். துவண்டு கிடந்த செடிகளுக்கு முன்னால் வெகுநேரம் குந்தியிருந்தான். கத்துவான், அடிப்பான், எதுவானாலும் சரி என்று சௌந்திரம் பின்னால் நின்றாள். அவன் ஒரு வேரை விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தான்.

“பச்சைப் புண்ணாக்கு ஊத்துனாத்தான் இப்புடி ஆவும். முன்ன ஒரு பழஞ்சட்டியில வெச்சுப் பாத்திருக்கறேன். தண்ணி நின்னா வேருக்கு மூச்சு முட்டும், அழுவிரும். ஊற வெச்சு வடிச்சா இப்புடி அழுவாதுன்னு நெனச்சன்.” திரும்பி அவளைப் பார்த்தான். “நாஞ் சொன்ன மாதிரித்தான ஊத்துன?”

அந்த நேரத்தில் அவள் வாயில் ஒரே வார்த்தைதான் வந்தது. யோசித்துச் சொல்லவில்லை. பயத்தில் சொன்னாள். ஐந்து வருஷம் காத்திருந்து கிடைத்த மனுஷன் தன்னை எப்படிப் பார்ப்பானோ என்ற பயம்.

“ஆமாங்க.”

அவன் வேரைக் கீழே போட்டான். “அப்ப ஊற வெச்சாலும் ஆவறதில்ல. எங் கணக்கே தப்பு,” என்றான். செடிகளைப் பிடுங்கிக் குப்பைக்குழியில் போட்டான். ஒன்றரை வருஷம் அவன் உட்கார்ந்து யோசித்த யோசனை முழுவதும் அதோடு போயிற்று. அப்போதாவது அவள் வாயைத் திறந்திருக்கலாம். ராத்திரி சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்; விடிந்தால் சொல்லலாம் என்று நினைத்தாள். தைநோம்பி வந்துவிட்டது. சின்னண்ணன் வந்து, தொட்டிகளைப் பார்த்து, நாக்கைச் சப்புக்கொட்டி, “மண்ணில்லாம ஆவற காரியமா சாமி இது?” என்று தம்பியின் தோளில் தட்டினார். மாசி பிறப்பதற்குள் பாறை களமாயிற்று. கல்தொட்டிகள் அவருடைய கட்டுத்தரைக்குப் போயின.

தங்கசாமி சங்ககிரியில் லாரி ஓட்டப் போனான். பதினைந்து நாளைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவான், திங்கள் விடியப் போய்விடுவான். அவன் கெட்டுப்போகவில்லை, குடிக்கவில்லை. ஆனால் எதையும் புதிதாகச் செய்து பார்க்கும் ஆசை அவனிடமிருந்து கழன்றுவிட்டது. யாராவது தொட்டி வெள்ளாமையைப் பற்றிக் கேட்டால், “அது தொரைங்க வெளையாட்டுங்க, நமக்காவாது,” என்று அவனே முதலில் சிரிப்பான். அதைக் கேட்கும்போதெல்லாம் சௌந்திரம் அடுப்படிக்குள் போய்விடுவாள்.

அந்த ஆடி ஆவணியில் நல்ல மழை. குப்பைக்குழி ஓரத்தில், அவள் பானையைக் கொட்டிய அதே இடத்தில், அவன் பிடுங்கி எறிந்த செடிகளின் விதை விழுந்து, தக்காளி தானாக முளைத்துப் புதராக மண்டியது. பழுத்துக் கிடந்த பழங்களைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு தாங்கவில்லை. அவன் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பறித்து ரசம் வைத்தாள்.

தங்கசாமி ஒரு வாய் உண்டு நிமிர்ந்தான். “ஏம் புள்ள, பழம் ஏது?”

அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். பழைய கரைசலைக் கொட்டியது, பச்சைப் புண்ணாக்கைக் கரைத்தது, தக்கையைப் பிடுங்காமல் விட்டது, தொட்டியைக் கழுவியது, ஆமாங்க என்றது. “உங்க கணக்குல தப்பே இல்லீங்க மாமா. எங்கையிதானுங்க கெடுத்துச்சு. நாந்தானுங்க உங்களை லாரிக்கு அனுப்பிச்சவ.”

அவன் கோபப்படுவான் என்று காத்திருந்தாள். இத்தனை மாசமும் பயந்த அந்தக் கோபத்தை இப்போது அவள் கையேந்திக் கேட்டாள் என்றே சொல்ல வேண்டும். தங்கசாமி அவளையே பார்த்தான். அவன் முகத்தில் ஒரு கனிவு வந்தது. அந்தக் கனிவைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

“எம் மனசு தேத்தறதுக்குச் சொல்ற,” என்றான். “எனக்குத் தெரியாதா?”

“சாமி சத்தியமா நெசமுங்க மாமா!”

“சத்தியமெல்லாம் பண்ணாத புள்ள. குப்பைக்குழியில தக்காளி காய்க்கறது அதிசயமா? அன்னைக்கே உன்னையக் கேட்டனே. சொன்ன மாதிரித்தான் ஊத்துனேன்னு சொன்னீல்ல? நீ எங்கிட்டப் பொய் சொல்றவளா?”

நிஜத்தைச் சொல்லி நிரூபிக்க அவளிடம் இனி ஒன்றும் இல்லை. பொய்யை அவன் நம்பியிருந்தான். அவள்மேல் வைத்த நம்பிக்கையினால் நம்பியிருந்தான். அதை இனி எந்தச் சத்தியத்தாலும் பிடுங்க முடியாது. அன்று மாலை பாறைமேல் நின்றபோது சொல்லியிருந்தால் நாலு அடி விழுந்திருக்கும். அடுத்த மாசம் மூன்று தொட்டியிலும் புது நாற்று நட்டிருப்பான்.

தங்கசாமி தட்டை முன்னால் நகர்த்தினான்.

“ரசம் நல்லா இருக்குது. இன்னொரு அகப்பை ஊத்து.”

சௌந்திரம் ஊற்றினாள்.