தப்பான பக்கம் விழும் கோல்கீப்பர்

காலி மைதானத்தைக் காசு கொடுத்துப் பார்க்கிற பைத்தியம் எங்கள் குடும்பம் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு போனேன். அங்கே போனால் வாசலைத் தாண்டி வரிசை நிற்கிறது. ஆட்டம் கிடையாது, ஆட்டக்காரர் ஒருவர் கிடையாது. ஆளில்லாத நாற்காலிகளைப் பார்க்க அத்தனை கூட்டம்.

ஏற்பாடு மாப்பிள்ளையுடையது. என் மகளைக் கட்டிக்கொண்டு எட்டு மாதம்தான் ஆகிறது. அந்த மைதானத்துக்குச் சொந்தமான கால்பந்து கிளப்பை விவரம் தெரிந்த நாளிலேயே கட்டிக்கொண்டுவிட்டார். "அத்தை, மாமா, உங்க கல்யாண நாளுக்கு ஒரு சர்ப்ரைஸ்" என்று காரில் ஏற்றிக் கூட்டிவந்தவர், நுழைந்ததும் முதல் வேலையாக ஒரு கீ-செயின் வாங்கினார். அதில் குட்டி கோல்கீப்பர் ஒருவன். பொத்தானை அழுத்தினால் டக்கென்று ஒரு பக்கமாக விழுவான். மாப்பிள்ளை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தார்.

அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அந்தக் கிளப் முதல் கோப்பையை ஜெயித்தது கடைசி நிமிஷத்துப் பெனால்டி ஒன்றில். அந்தப் பந்தை விட்ட எதிரணி கோல்கீப்பர் என் வீட்டுக்காரர். அந்த ஆட்டத்தோடு இவருடைய கிளப் இவருக்கு விடை கொடுத்துவிட்டது. அதன் பிறகு பைப்பும் குழாயும் விற்கிற கடை, வழுக்கை, தொப்பை.

மாப்பிள்ளை முதல்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கே அந்த கோலைப் பற்றிப் பேச ஆரம்பித்து, காபி ஆறும்வரை நிறுத்தவில்லை. இவர் சமையலறைக்குள் வந்து என்னிடமும் மகளிடமும், "சொல்லிடாதீங்க. பாவம், பையன் சங்கடப்படுவான்" என்றார். அந்தப் பெனால்டியை அடித்த ஹீரோவின் ஷூ அளவுவரை தெரிந்த மாப்பிள்ளைக்கு எதிரே நின்றவரின் பெயர் தெரியாது. தெரிந்துகொள்ளத் தோன்றியதும் இல்லை. இப்போது அதே கோலைப் பார்க்க அதே மனிதரை இழுத்து வந்திருக்கிறார். இவர் தலைகுனியாமல் வெளியே வந்தால் போதும் என்றிருந்தது எனக்கு. மற்றபடி அந்த ஸ்டேடியம் இடிந்து விழுந்தாலும் கவலையில்லை.

சுற்றிக்காட்ட ஒரு மைக் தம்பி வந்தான். பாய்லர் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆரம்பித்த கிளப் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். டிக்கெட் விலைக்கு அந்தத் தொழிலாளர்கள் இன்றைக்கு வந்திருந்தால் வாசலோடு திரும்பியிருப்பார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் மண் அப்பிய ஜெர்சிகள் தொங்கின. நான் ஹோட்டல்களுக்குத் துணி துவைத்துக் கொடுக்கிறவள். துவைக்காத சட்டைக்கு விளக்குப் போட்டு வைத்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஹீரோ சட்டை மாட்டிய கொக்கியை ஆளுக்கு ஒருதரம் தொட்டார்கள். மாப்பிள்ளை இரண்டு கையாலும் தொட்டார். ஒரு கொக்கிக்கு இந்த மரியாதை.

அடுத்து எதிரணி உடை மாற்றுகிற அறை. "வர்றவங்க கொஞ்சம் கஷ்டப்படணும்னு இதைச் சின்னதாவே வச்சிருக்கோம்" என்றான் மைக் தம்பி. எல்லோரும் சிரித்தார்கள். இவர் மூலையில் இருந்த குழாயைத் திருகிப் பார்த்தார். காற்றுதான் வந்தது.

"அன்னிக்கும் வரல" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

பிறகு இருட்டறையில் படம். ஹீரோ ஓடி வருகிறார், ஹீரோவின் முகம், ஹீரோவின் கால். அடுத்த நொடி பந்து வலைக்குள் கிடக்கிறது. என் வீட்டுக்காரரைக் கத்தரித்து எறிந்துவிட்டார்கள். விளக்கு வந்ததும் மைக் தம்பி, "கண்ணாலயே ஏமாத்திட்டார் நம்ம ஆளு. கோல்கீப்பர் அந்தப் பக்கம் விழுந்தான், பந்து இந்தப் பக்கம் போச்சு" என்றான்.

பச்சைப் பொய். அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. கோல் கம்பத்துக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பந்து போன பக்கம்தான் இவர் பாய்ந்தார். விரல் பந்துக்கும் கம்பத்துக்கும் நடுவே சிக்கியது, பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது. அந்தச் சுண்டுவிரல் இன்றைக்கும் கோணல்தான். டம்ளர் பிடிக்கும்போதெல்லாம் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும்.

கடைசி அறையில் ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். கோல் போஸ்ட்டும் வலையும், நடுவில் ஆளுயரக் கட்-அவுட்டும். அடர்ந்த முடி, ஒட்டிய வயிறு, என் வீட்டுக்காரரேதான். கீழே எழுதியிருந்தது 'எதிரணி கோல்கீப்பர்' என்று மட்டும். யாராவது பந்தை உதைத்தால் கட்-அவுட் ஒரே பக்கமாக விழும். பந்தை மறுபக்கம் அடிக்க வேண்டியதுதான், விளக்கு மின்னிக் கூட்டத்தின் இரைச்சல் கேட்கும். வரிசையாக வந்து அடித்தார்கள். ஒவ்வொரு தரமும் இவர் விழுந்தார்.

மாப்பிள்ளையும் அடித்தார். அடித்துவிட்டு, விழுந்து கிடந்த கட்-அவுட்டின் மார்பில் காலைத் தூக்கி வைத்து, "ஒரு போட்டோ எடு" என்றார்.

"சார்ஜ் இல்ல" என்றாள் என் மகள். வரும்போது முழு சார்ஜோடு வந்தவள்.

"சரி, மாமா, நீங்க ஒண்ணு அடிங்க. பயப்படாதீங்க, யார் அடிச்சாலும் கோல்தான்."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அத்தனை பேர் முன்னாலும் போட்டு உடைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். இவர் என் கையில் பையைக் கொடுத்துவிட்டுப் பந்தை வாங்கிக்கொண்டார்.

அடித்தார். மறுபக்கம் இல்லை, கட்-அவுட் விழுகிற பக்கம். பந்து நேராக அந்த அட்டைக் கைகளில் போய் முட்டி, உருண்டு இவர் காலடிக்கே திரும்பி வந்தது. வலை அசையவில்லை. ஆனாலும் விளக்கு மின்னியது, இரைச்சல் கிளம்பியது, ஒலிபெருக்கி "கோல்... கோல்..." என்று கத்தித் தீர்த்தது.

"தப்பான பக்கம் அடிச்சிட்டீங்க சார். இன்னொன்னு அடிங்க" என்றான் மைக் தம்பி.

"போதும் தம்பி. ஒருவாட்டியாவது அவன் புடிச்சுக்கட்டும்."

இவர் குனிந்து பந்தை எடுத்தார். சுண்டுவிரல் தனியாக நீட்டிக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை அந்த விரலைப் பார்த்தார். பிறகு கட்-அவுட்டின் முகத்தை, பிறகு இவர் முகத்தை, வெகு நேரம் பார்த்தார்.

"மாமா" என்றார். "எந்தப் பக்கம் விழுந்தீங்க?" என்று கேட்டார்.

"பந்து போன பக்கம்தான் மாப்பிள்ளை. தொட்டுட்டேன்." விரலைக் காட்டினார். "ஆனா அவன் நல்லா அடிச்சான். உள்ளதைச் சொல்லணும்ல."

இத்தனை வருஷமாக இந்த 'நல்லா அடிச்சான்' என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கும் வந்தது. ஆனால் அந்தக் கட்டடத்தில் காலையிலிருந்து கேட்டதில் உண்மையான சரித்திரம் அது ஒன்றுதான்.

வெளியே போகிற வழியையும் அந்தக் கீ-செயின் விற்கிற கடைக்குள்ளேயே விட்டிருந்தார்கள். மாப்பிள்ளை ஒன்றும் வாங்காமல் அதைக் கடந்தார். காருக்குப் பக்கத்தில் வந்து சாவியை எடுத்தவர், அந்தக் குட்டி கோல்கீப்பரை மறுபக்கம் சாய்க்கப் பார்த்தார். முதலில் விரலால், அப்புறம் நகத்தால் நெம்பினார். ஒரே பக்கம் விழுவதற்கென்று செய்த சாமான், டக்கென்று முறிந்தது.

"விடுங்க மாப்பிள்ளை" என்றார் இவர்.

மாப்பிள்ளை இரண்டு துண்டையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மாமனாருக்குக் கார்க் கதவைத் திறந்து பிடித்தார். இவர் ஏறி உட்கார்ந்த பிறகும் சாத்தாமல் அப்படியே நின்றார். அந்த எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவரைக் குத்திச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.