ரிப்பேருக்குப் போன பெட்டி

ஆரோவில்லில் ஒரு விருந்தினர் விடுதியின் சமையலறையில் ஜான்சி வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். வெளி ஹாலில் மேனேஜர் தமிழ்வேந்தன் தன் போனில் ஏதோ வீடியோவை ஓடவிட்டார். பழைய பாட்டு. ஒரு பெண்குரல், பின்னால் வயலின்கள், கூடவே எண்ணெயில் கடுகு பொரிவதுபோல ஒரு இரைச்சல். 'கரை' என்ற சொல்லுக்கு வந்ததும் பாட்டு தடுக்கிக்கொண்டது. கரை, கரை, கரை, கரை. யாரோ ரெக்கார்டு பிளேயரின் முள்ளைத் தூக்கிவிட்டார்கள்.

ஜான்சி பிசுபிசுத்த கையோடு ஹாலுக்கு வந்தாள்.

"சார், அத இன்னொரு தடவ போடுங்க."

"உங்களுக்கும் இந்தப் பைத்தியம் உண்டாக்கா?" என்று சிரித்தார் தமிழ்வேந்தன். "வர்ற கெஸ்ட்டுங்க எல்லாம் இதத்தான் கேக்கறாங்க. போன்ல பாட்டு போட்டா ஒருத்தரும் திரும்பிப் பாக்கறதில்ல. ரெக்கார்டு தட்டு சுத்தறதக் கண்ணால பாக்கணுமாம். ரொம்ப நாளா தேடிக்கிட்டிருந்தேன், இப்பத்தான் மாட்டுச்சு. மிஷின் நல்லாத்தான் இருக்குது, தட்டுலதான் கீறல்."

வீடியோவில் சூட்கேஸ் மாதிரி ஒரு பச்சைப் பெட்டி. மூடியின் ஒரு பக்கத் தாழ்ப்பாள் போய், கம்பி கட்டியிருந்தது. அந்தக் கம்பி அவளுக்குத் தெரியாது. பெட்டியைத் தெரியும்.

"எங்க இருக்குது சார்?"

"பெருமுக்கல்ல. ஒரு பொண்ணு விக்கறாங்க."

"நான் போய்ப் பாத்துட்டு வர்றேன். எனக்குப் போற வழிதான்."

போகிற வழி இல்லை. ஜான்சியின் வீடு மரக்காணத்தில், உப்பளத்தை ஒட்டிய தெருவில். பெருமுக்கல் அங்கிருந்து திண்டிவனம் போகும் ரோட்டில் இருக்கிறது. அவருக்கு அது தோன்றவில்லை, விலாசத்தை அனுப்பிவிட்டார்.

அவளுடைய அப்பா சகாயராஜ் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தவர். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு பென்ஷன்காரர் ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது, அந்தப் பெட்டியையும் சில தட்டுகளையும் வாங்கிவந்தார். தெருவில் மற்ற வீடுகளில் டேப்ரெக்கார்டர் பாடிக்கொண்டிருந்த காலம் அது. அப்பா மட்டும் உப்பு பூத்த காலைக் கழுவிவிட்டு வந்து, வேட்டி நுனியால் தட்டைத் துடைத்து, முள்ளைக் குழந்தையைக் கிடத்துவது மாதிரி இறக்குவார். ஒருநாள் ஜான்சி பெட்டியைச் சுற்றி ஓடி விளையாடியபோது அவள் பாவாடை முள்ளில் மாட்டி, முள் தட்டின் குறுக்கே இழுபட்டது. அப்பா அடிக்கவில்லை. அதிலிருந்து பாட்டு அந்த இடத்துக்கு வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து கரை, கரை, கரை என்று கத்துவார்கள். பிறகு அவர் விரலால் முள்ளை லேசாகத் தள்ளிவிடுவார்.

அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, மழை இறங்கி உப்பளம் மூடிய ஐப்பசி மாதத்தில், "முள்ளு தேஞ்சிடுச்சு. ரிப்பேருக்குக் குடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லி அப்பா பெட்டியையும் தட்டுகளையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். திரும்பவில்லை. கடலில் போயிருப்பார் என்றார்கள், வடக்கே போயிருப்பார் என்றார்கள். அம்மா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றி ஏற்றி, பிறகு அதையும் நிறுத்திவிட்டு, ஒருநாள் செத்தும் போனாள். ஜான்சி பல வருஷம் அப்பாவுக்காகக் காத்திருந்தாளா, பெட்டிக்காகக் காத்திருந்தாளா என்று அவளுக்கே தெரியாது.

அன்று சாயங்காலம் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினாள். வாசலுக்குப் போய் நின்றாள். எதற்கு வந்தோம் என்று மறந்து உள்ளே வந்தாள். லோடு வண்டி ஓட்டும் அவள் புருஷன் மோகன் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"உக்காரு ஜான்சி. பாக்கற எனக்கே தல சுத்துது."

"திண்டிவனத்துக்கு எத்தினி வாட்டி போயிருப்பேன். அந்த ஊரத் தாண்டித்தான போனேன்."

"அதே பெட்டின்னு எப்டி சொல்ற? அந்தக் காலத்துல எவ்ளோ பெட்டி வித்திருப்பான்."

"பெட்டி எவ்ளோ வேணாலும் இருக்கும். அந்தக் கீறல் நான் போட்டது."

மோகன் கை கழுவிவிட்டு வந்தான். "நானும் வரட்டா?" என்றான்.

"வேணாம்."

மறுநாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பஸ்ஸில் சீட் காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். பெருமுக்கல்லில் இறங்கி விசாரித்தபோது, மலைக்கோயிலுக்குப் போகிற ரோட்டில் ஒரு ஓட்டு வீட்டைக் காட்டினார்கள். முப்பது வயசு மதிக்கத்தக்க ஒரு பெண் வாசலுக்கு வந்தாள். பெயர் சந்தியா.

"ஆரோவில்லேருந்தா வர்றீங்க? வாங்கக்கா, உள்ள வாங்க."

நெற்றி அப்பாவுடையது. ஜான்சி அதைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தாள். மேஜைமேல் திறந்து வைத்திருந்தது. சந்தியா தட்டை வைத்து, முள் இருக்கும் கையின் தலையில் ஒரு ரூபாய்க் காசை ஒட்டி, முள்ளை இறக்கினாள்.

"இந்தக் காச வச்சா கனத்துல தாவாமப் போயிடும்க்கா. எங்கப்பாவுக்குத்தான் புடிக்காது. எடுத்துப் போட்டுடுவாரு. தாவுனா தாவட்டும்பாரு."

"அப்பா எங்க?"

"மூணு வருஷமாச்சு போய்ச் சேந்து. அம்மா அதுக்கும் முன்னாடியே. நாங்க ஓசூர் பக்கம் போறோம், எங்க வீட்டுக்காரருக்கு அங்க வேல. இத எடுத்துட்டுப் போக முடியாது. இது அப்பா எங்கம்மாவுக்குன்னு ஆசையா வாங்கினது."

ஜான்சிக்குக் காது சுட்டது. காசைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தாள். பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. கரை, கரை, கரை, கரை. இருவரும் முள்ளைத் தூக்கவில்லை.

"உங்கம்மாவுக்கு வாங்கினது இல்ல" என்றாள் ஜான்சி. "இது மரக்காணத்துல எங்க வீட்டுல இருந்தது. ரிப்பேருக்குன்னு சொல்லி எடுத்துட்டுப் போனாரு சகாயராஜ். நான் அவரு மொதப் பொண்டாட்டி பொண்ணு. இந்தக் கீறல் என் பாவாட மாட்டி விழுந்தது."

சந்தியா முதலில் கோபப்பட்டாள். யார் அனுப்பியது, எதைக் கேட்டு வந்தீர்கள் என்று சத்தம் போட்டாள். பிறகு பாவாடை என்ற சொல் அவளுக்குள் எங்கேயோ போய்த் தட்டியிருக்க வேண்டும். முள்ளைத் தூக்கிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒரு பாப்பாவோட பாவாட மாட்டி முள்ளு இழுத்துடுச்சுன்னு சொல்லுவாரு. எந்தப் பாப்பான்னு கேட்டா எழுந்து வெளிய போயிடுவாரு."

"வேற எதாச்சும் சொன்னாரா? எங்கம்மாவப் பத்தி?"

"இல்ல." சந்தியா தரையைப் பார்த்தாள். "மரக்காணம் பஸ்ல மட்டும் ஏறமாட்டாரு. கடலப் பாக்கணும்னு அழுதாக்கூட பாண்டிக்குத்தான் கூட்டிட்டுப் போவாரு."

அழுகை வரும் என்று ஜான்சி நினைத்தாள், வரவில்லை. வந்ததெல்லாம் எரிச்சல்தான். ஒரு மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, இந்தக் கீறலை மட்டும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். செத்தவரிடம் போய் எதைக் கேட்பது?

"வித்துடு. நல்லா இரு" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் வெயில் காய்ந்தது. இந்தப் பக்கம் நின்றாள், அந்தப் பக்கம் நின்றாள். திண்டிவனம் போகிற பஸ்ஸில் ஒரு கால் வைத்து, இறங்கிவிட்டாள். மரக்காணம் பஸ் வந்து போனது, ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. கால் வைக்கும் இடத்தில் பச்சைப் பெட்டி, மேலே புடவையில் சுற்றிய தட்டுகள்.

"ஏறுங்க" என்றாள் சந்தியா. வாசலில் பார்த்ததும் வாய்க்கு வந்த 'அக்கா' என்ற சொல் இப்போது அவளுக்கு வரவில்லை. "வச்சிருக்கறதா விக்கறதா, நீங்களே பாத்துக்கோங்க. எனக்கு அத வீட்டுல பாக்கவே புடிக்கல இப்ப."

"எனக்கும்தான் புடிக்கல."

"அப்ப ரோட்டுலயே வச்சுட்டுப் போவமா?"

ஜான்சி பின்னால் ஏறிக்கொண்டாள். ஸ்கூட்டி மரக்காணம் ரோட்டில் திரும்பியது. பெட்டி சரியும்போதெல்லாம் சந்தியா முழங்காலால் அணைத்தாள்.

வீட்டில் மோகன் பெட்டியை வாங்கி வைத்து, ஒயரை எடுத்துக்கொண்டு பிளக்கைத் தேடினான். "இன்னிக்கு வேணாம்" என்றாள் ஜான்சி. மேனேஜருக்குப் போன் செய்து, அது சரிப்பட்டுவராது, வேறு பாருங்கள் என்றாள். மோகன் கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சந்தியா கொல்லைக் கதவைத் திறந்து வெளியே போனாள். ஜான்சியும் பின்னால் போனாள்.

பாத்திகள் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெயிலில் கூசின. ஓரத்தில் உப்புக் குவியல்கள்.

"அப்பா எதுல வேல செஞ்சாரு?"

பாத்திகளைப் பலதடவை கலைத்து, கரை மாற்றிக் கட்டிவிட்டார்கள். அப்பா நின்ற இடம் எது என்று ஜான்சிக்குத் தெரியாது. ஆனாலும் கையை நீட்டினாள்.

"அதோ, அந்தக் கொட்டாய்க்குப் பக்கத்துல."

சந்தியா போனை எடுத்து அந்தப் பாத்தியைப் படம் பிடித்தாள். சரியாக விழவில்லை என்று இன்னொன்றும் எடுத்தாள். கண்ணுக்கு மேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு வரப்பில் இறங்கி, அதை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். கூப்பிடுவதா, கூடப் போவதா என்று தெரியாமல் ஜான்சி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வேகமாகப் பின்னால் போனாள்.