பளபளப்பு குறைந்த மூடிகள்

வாஷிங் மெஷினுக்கு வெள்ளை பிளாஸ்டிக் மூடி வார்க்கும் அந்தத் தொழிற்சாலையில் மாமியார், மருமகள் இருவருக்குமே வேலை. மாமியாருக்குப் பேக்கிங், மருமகளுக்கு நிறம் சோதிக்கும் அறை. மருமகள் ‘அத்தை’ என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எல்லோருக்குமே அவள் அத்தையாகிப் போனாள். அவளைவிட மூத்த சூப்பர்வைசருக்குக்கூட.

அன்று காலை மருமகள் நிறம் அளக்கும் கருவியை மூடியின் மேல் வைத்துப் பார்த்தாள். நிறம் அச்சு அசலாக மாதிரியோடு ஒத்துப்போனது. சரி என்று சொல்லிவிட்டாள். முந்தின வாரம் முழுக்கக் கூடுதல் நேரம் பார்த்ததில் கண் எரிந்தது. பளபளப்பை அப்புறம் அளந்துகொள்ளலாம் என்று விட்டதுதான் வினையாயிற்று.

மதியத்துக்கு மேல் ஒரு மூடியை, மாதிரிக்கு வைத்திருந்த மெஷினில் பொருத்தி ஜன்னலோரம் நிறுத்தினாள். மெஷின் புத்தம் புதிதாக இருந்தது. மூடி மட்டும் பல நாள் புழங்கியதுபோல் மங்கிக் கிடந்தது. அளந்தால், பளபளப்பு தேறவே இல்லை. மூடி சீக்கிரம் இறுகினால் எண்ணிக்கை கூடுமே என்று சூப்பர்வைசர் அச்சின் சூட்டைக் குறைத்திருந்தார். அதில்தான் பளபளப்பு போயிருந்தது. நிறம் சரிதானே, அனுப்பிவிடலாமே என்று தலையைச் சொறிந்துகொண்டு கேட்டுப் பார்த்தார். அவள் மசியவில்லை.

பேக்கிங் அறையில் பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. அத்தை இடுப்பில் கை ஊன்றி நிமிர்ந்தாள்.

“எல்லாத்தையும் பிரிக்கணும் அத்தை.”

“காலையில நீதானே சரின்னு சொன்ன?”

“கலர் சரிதான். பளபளப்பு கம்மி. அதைப் பார்க்காம விட்டுட்டேன்.”

அத்தை முதல் பெட்டியின் டேப்பைப் பிடித்துக் கிழித்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது மருமகளுக்கு.

வேலை நேரம் முடிந்தும் மருமகள் கிளம்பாமல் எதிரே உட்கார்ந்து பிரித்தாள். மறுபடி உருக்குவதற்காக, அரைக்கும் இயந்திரம் மூடிகளைக் கடகடவென்று மென்று துப்பியது. அத்தை ஒரு மூடியை மட்டும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, தனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்றாள். நல்லதைப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும் என்றாள் மருமகள்.

பஸ்ஸில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிப்போய், இறங்க வேண்டிய இடம் தாண்டி இறங்கி, வந்த வழியே நடந்தார்கள்.

வாசலில் நின்ற மகன், ஏன் இவ்வளவு நேரம் என்று மனைவியிடம் கேட்க வாயெடுத்தான்.

“அவகிட்ட ஒண்ணும் கேக்காத,” என்றாள் அத்தை, செருப்பைக் கழற்றியபடியே. “அலுத்துப் போய் வந்திருக்கா. சாப்பிட ஏதாவது வச்சிருக்கியா?”

ஏதோ ஆக்கி வைத்திருந்தான். ஆறிப் போயிருந்தது. இருவரும் அப்படியே சாப்பிட்டார்கள்.