பேச்சுக்கு ஒரு பெட்டி

கார்க் கதவின் உள்பக்கத்து அட்டை கழன்று பட்டறைத் தரையில் மல்லாந்து கிடந்தது. திறந்த கதவின் வயிற்றுக்குள் கையை விட்டு, கண்ணாடியை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான் பெட்டிக்காரன். ஸ்பீக்கர்களுக்குப் பெட்டி செய்வது அவன் வேலை. கண்ணாடி இறங்கிய பிறகு மிஞ்சுவது ஓர் உள்ளங்கை ஆழம்தான். பெட்டி அதற்குள் அடங்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடிக்குச் சங்கு.

அவன் அக்காவைக் கட்டியவருக்கும் அதே பட்டறையில்தான் வேலை. பெயர் காது. பெற்றவர்கள் வேறு ஏதோ வைத்திருந்தார்கள். எந்த ஸ்பீக்கர் எந்தப் பெட்டியில் உட்கார வேண்டும் என்று கண்ணை மூடிக் கேட்டே சொல்லிவிடுவார் என்பதால், இது முதலாளி வைத்த பெயர். அவருக்குச் சம்பளம் வருவதே அந்தக் காதுக்காகத்தான்.

காரின் சொந்தக்காரி மருந்து விற்க ஊர் ஊராகத் தனியாக ஓட்டிப் போகிறவள். "எனக்குப் பாட்டு முக்கியமில்லைங்க. போன்ல யாராவது கதை வாசிக்கறதைக் கேட்டுக்கிட்டே ஓட்டுவேன். பேச்சு தெளிவா இருந்தா போதும்."

"பேச்சுன்னா நடு ஸ்பீக்கர்தாங்க. பெரிய ஸ்பீக்கர்ல பேஸ் இடிக்கும், குட்டி ஸ்பீக்கர் சிணுங்கும். மனுஷக் குரல் பூரா நடுவுலதான் இருக்கு," என்றார் முதலாளி. "அதுக்கு எந்தப் பெட்டின்னு நம்ம காது சொல்லுவார்."

முதலில் பெட்டியே இல்லாமல் ஸ்பீக்கரைக் கதவில் மாட்டினார்கள். போனில் கதை வாசித்தவள் தகர வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசினாள். அடுத்தது கடையில் வாங்கிய பிளாஸ்டிக் டப்பா, இறுக்கமானது. இப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு தெருக்குழாயில் சண்டை போட்டாள். மூன்றாவது பெட்டிக்காரன் செய்தது. மெல்லிய பலகை, உள்ளே பஞ்சு. அவள் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்து, காலை நீட்டி, கதையைத் தொடர்ந்தாள்.

காது கண்ணைத் திறந்து, பிளாஸ்டிக் டப்பாவைத் தொட்டார். "இதுதான். தங்கம்."

சொந்தக்காரி முகத்தைச் சுளித்தாள். முதலாளி திரும்பிப் பார்த்தார்.

"தூக்கிப் போட வேண்டியது இதுதான்னு சொல்றாருங்க," என்றான் பெட்டிக்காரன் அவசரமாக. "மாமா எப்பவும் கழிச்சுக் கட்டறதுலேருந்துதான் ஆரம்பிப்பார். தங்கம்னு சொன்னா கிண்டல்."

முதலாளி சிரித்தார். சொந்தக்காரி மரப்பெட்டியையே பூட்டச் சொன்னாள். காதும் எதற்கென்று தெரியாமல் சிரித்துவைத்தார்.

காது டப்பாக்களை அள்ளிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். பெட்டிக்காரன் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, "மாமா, சட்டைல பல்லி," என்றான். அவர் நடந்துகொண்டே இருந்தார். பல்லிக்கு முற்றத்தைத் தாண்டி ஓடக்கூடிய மனிதர் அவர். வீட்டில் அக்கா நாலு கூப்பாடு போட்டால் ஒரு 'ம்' வரும். கட்டிய நாளிலிருந்தே அப்படித்தான் என்பதால் யாரும் அதை வியாதியில் சேர்க்கவில்லை.

எதிரே போய் நின்றான். "எத்தனை நாளா மாமா?"

காது அவன் உதட்டைப் பார்த்தார். குனிந்து ஒரு திருகாணியைப் பொறுக்கினார்.

"அந்த டப்பால மட்டும்தான் எனக்கு அந்தம்மா குரல் கேட்டுச்சு, மாப்ள. மத்த ரெண்டுலயும் வாயையே தொறக்கல."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"உங்கக்கா திருந்திட்டா, திட்டறதையே விட்டுட்டானு கொஞ்ச நாள் சந்தோஷமா இருந்தேன். அப்புறம் ஒருநாள் மூஞ்சியைப் பாத்தேன். அவ விடவே இல்ல."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் காது, "பேஸ் மட்டும் கேக்குது," என்றார். "அது காதுலயா கேக்குது, நெஞ்சுல வந்து இடிக்குது."

பேஸ் சோதனைக்குக் காதை அடைத்துக்கொள்ள ஏதாவது வாங்கித் தரும்படி காது முன்பே முதலாளியிடம் கேட்டிருந்தார். "காதை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா வர்றவன் நம்பளை நம்புவானாப்பா?" என்று அவர் வாஞ்சையாகத்தான் சொன்னார்.

"இனிமே என்னையே பாருங்க," என்றான் பெட்டிக்காரன். "மூக்கைச் சொறிஞ்சா மட்டம். நெஞ்சுல கை வச்சா நல்லா இருக்கு."

"சினிமா பாக்கற மாதிரி பாக்கறேன் மாப்ள."

"ரொம்பப் பாக்காதீங்க. லவ்வுனு நெனச்சுக்குவாங்க."

சாயங்காலம் ஒரு பெரிய கார் வந்தது. டிக்கி முழுக்கப் பேஸ். "காது, நீயே உட்காரு. கண்ணாடியெல்லாம் ஏத்திக்கோ. சத்தத்தை முழுசா வச்சு ஓட்டிப் பாத்துடலாம்," என்றார் முதலாளி, தோளில் தட்டி. காது முன் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

முதல் இடியில் அலமாரியிலிருந்த ஆணி டப்பா நகர்ந்தது. வெளியே நின்ற முதலாளி இரண்டு காதையும் விரலால் பொத்திக்கொண்டு, "எப்படிடா இருக்கு?" என்று கத்தினார்.

கண்ணாடிக்கு உள்ளிருந்து காது பெட்டிக்காரனையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிக்காரனின் கை மூக்கு வரை போனது. மூக்கைச் சொறிந்தால் மட்டம் என்று சொல்லி நிறுத்திவிடுவார். ஆனால் முதலாளி நல்ல பேஸைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார், குட்டு உடைந்துவிடும்.

அவன் கையை இறக்கி நெஞ்சில் வைத்தான்.

உள்ளே காது முகம் மலர்ந்து, கட்டை விரலை உயர்த்தினார். சத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினார். மூடிய கண்ணாடியில் அவர் முகம் நடுங்கிக்கொண்டே சிரித்தது.