ஆரஞ்சுப் பிடிக் கத்தி

பீரோவின் கடைசித் தட்டில் இருந்த சட்டைகளையும் இழுத்துத் தரையில் போட்டாள் வினோதா. கத்தி இல்லை.

பரணில் ஏறி வலை மூட்டையை உதறியாகிவிட்டது. பைக்கின் பக்கப் பெட்டி, டீவிக்குப் பின்புறம், அரிசி டிரம். எங்கேயும் இல்லை. கிடைத்தது கறுப்புக் கத்தி வந்த அட்டைப்பெட்டி மட்டும்தான். அதைத் திறந்து பார்த்தாள். பெட்டி காலி.

உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. இரண்டு இருமலுக்கு நடுவில், அதட்டலாக.

“கெடச்சுதா?”

“தேடிக்கிட்டுத்தானம்மா இருக்கேன். கறுப்புக் கத்தியோட பெட்டி கெடக்குது. உள்ள ஒண்ணும் இல்ல.”

“காலிப் பெட்டி ஒண்ணும் சொல்லாது. கத்தியத் தேடு.”

அம்மா ரஞ்சிதத்துக்கு அறுபத்தாறு வயது. நுரையீரலில் நீர் கோத்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று நேற்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன பொருள் என்று வைத்திக்குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனால் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டதெல்லாம் ஒன்றுதான். செல்வகுமார் கடலுக்கு எடுத்துப் போனது எந்தக் கத்தி?

செல்வகுமார் அவளுடைய ஒரே மகன், வினோதாவுக்கு அண்ணன். இன்னும் மூன்று பேரோடு ஃபைபர் படகில் போனவன் இரண்டாம் நாள் திரும்பியிருக்க வேண்டும். இன்று பதினேழாம் நாள். எஞ்சின் நின்றுவிட்டது என்று கை காட்டினார்கள், கயிறு வீசினோம், காற்று பிரித்துவிட்டது என்றார்கள் கடைசியாகப் பார்த்த பக்கத்துப் படகுக்காரர்கள். கப்பல் தேடியது. விமானம் தேடியது. பத்தாம் நாளோடு தேடல் நின்றது. அதற்குப் பிறகு வீட்டுக்கு வரும் பெண்கள் செல்வகுமாரின் மனைவி பூவிழியின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. கழுத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள்.

வீட்டில் இரண்டு மடக்குக் கத்திகள் இருந்தன. ஒன்று அவன் வாங்கியது. இன்னொன்று அம்மா தேர்ந்தெடுத்தது.

படகுக்கு ஒரு ஆபத்துப் பெட்டி வைக்க வேண்டும் என்று ஊர்ப் பஞ்சாயத்து போன தை மாதம் முடிவு செய்தது. தண்ணீர் கேன், விசில், டார்ச், தார்ப்பாய், ஒரு மடக்குக் கத்தி. செல்வகுமார் அன்று சாயங்காலமே செல்போனில் ஆர்டர் போட்டான். மூன்றாம் நாள் வந்தது. கறுப்பு நிறம். ரம்பப் பல், திசைகாட்டி, கண்ணாடி உடைக்கும் முனை, பாட்டில் திறப்பான்.

ரஞ்சிதம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெரிய மார்க்கெட்டில் முப்பத்தைந்து வருஷம் மீன் அறுத்து விற்ற கை அது.

“எல்லாம் இருக்குது. கத்தி எங்கடா இருக்குது?” என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வினோதாவைக் கூட்டிக்கொண்டு காந்தி வீதிக்குப் போனாள். சண்டே மார்க்கெட்டில் பழைய இரும்புச் சாமான் விரித்திருந்தவனின் முன்னால் உட்கார்ந்து, மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். உள்ளே ஒரு மத்தி மீன். அதன் சளியை இரண்டு கையிலும் தடவிக்கொண்டாள்.

கடைக்காரன் பதறினான். “ஆயா, நீ கத்தி வாங்க வந்தியா, கொழம்பு வெக்க வந்தியா?”

“யாருடா ஆயா? ஒனக்கும் எனக்கும் நாலு வயசுதான் வித்தியாசம் இருக்கும். கத்திய எடு.”

சளிக் கையால், அதுவும் இடது கைக் கட்டை விரலால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஏழில் மூன்று வழுக்கின. ஒதுக்கினாள். பழைய பிரெஞ்சுக்காரர் வீட்டிலிருந்து வந்தது என்று அவன் பெருமையாக நீட்டிய மரப்பிடிக் கத்தியை டீக்கடைத் தண்ணீர்ச் சொம்புக்குள் போட்டாள். அரை மணி நேரம் வேறு கதை பேசினாள். பிறகு எடுத்தாள். மரம் ஊதிக்கொண்டு, கத்தி வாயைத் திறக்க மறுத்தது.

“கரையில நல்ல கத்திதான். கடல்ல இது மரக்கட்டை.”

மிச்சம் மூன்று. டீ குடித்த பீங்கான் கப்பைக் கவிழ்த்து, அடியில் சொரசொரப்பாக இருந்த விளிம்பில் மூன்றையும் தீட்டினாள். ரம்பப் பல் வைத்ததைத் தீட்டவே முடியவில்லை. ஒதுங்கியது.

“ஒரு நாள் ஆபத்துக்குன்னா எந்தக் கத்தியும் போதும் வினோதா. இருபது நாளுன்னா, மழுங்கினா திரும்பத் தீட்டற கத்தி வேணும். பல்லு வெச்சதுக்கு ஆயுசு கம்மி.”

கடைசி இரண்டையும் காதருகில் வைத்துத் திறந்தாள். மடக்கினாள். மறுபடி திறந்தாள். பக்கத்துக் கடையில் பாட்டு ஓடியது. “கொஞ்சம் நிறுத்துப்பா” என்று அங்கேயும் ஒரு அதட்டல். ஒன்று ‘சொத்’ என்றது. மற்றொன்று ‘டக்’ என்றது.

“இருட்டுல கண்ணு தெரியாது. பூட்டிக்கிச்சான்னு காது சொல்லணும். பூட்டாத கத்தி மடங்கினா வெரலு போயிடும்.”

‘டக்’ என்றதற்கு ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் பிடி. வாலில் கயிறு கோக்க ஒரு ஓட்டை. பார்க்க ஸ்கூல் பிள்ளை பென்சில் சீவுகிற சாமான் மாதிரி இருந்தது. செல்வகுமாரும் அதைத்தான் சொன்னான்.

“இத எடுத்துக்கிட்டுப் போனா துறையில சிரிப்பானுங்க.”

“சிரிக்கட்டும். ஒங்கப்பன் ஒம்போது நாளு கட்டுமரத்துல கெடந்தப்ப கத்தி ரெண்டாவது நாளே கடல்ல வுழுந்துடிச்சி. கயித்தப் பல்லால அறுத்து, ரெண்டு பல்லு ஒடஞ்சி வந்தாரு. யாரும் சிரிக்கல.”

அவன் ஆரஞ்சுக் கத்தியை வலை மூட்டையின் மேல் விட்டெறிந்தான். கறுப்பைப் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு வெளியே போனான். அம்மாவும் மகனும் அதோடு அதைப் பற்றிப் பேசவில்லை. படகு கிளம்பிய அன்று விடிகாலையில் ரஞ்சிதத்துக்குக் காய்ச்சல். படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. மகன் கையில் எது இருந்தது என்று அவள் பார்க்கவில்லை.

“வினோதா.”

“இன்னாம்மா?”

அம்மா மூச்சை இழுத்துப் பிடித்தாள். யோசித்துக்கொண்டிருந்தாள் என்று தெரிந்தது. கண் கூரையில் இருந்தது.

“அவன் வாயால சொல்ற ஆளு இல்ல. ஒன் கத்தியத்தான் எடுத்துக்கிட்டேன்னு சொல்லமாட்டான். ஆனா எனக்குத் தெரியணும்னு நெனப்பான். நான் காலையில எழுந்தா மொதல்ல கை வெக்கற எடம் எது?”

வினோதா நின்றாள். பிறகு கொல்லைப்புறம் ஓடினாள்.

பதினேழு நாளாக யாரும் தொடாத மீன் கூடை சுவரோரம் கவிழ்ந்திருந்தது. நிமிர்த்தினாள். அறுக்கும் கட்டையைத் தூக்கினாள். அதற்குக் கீழே, பாலிதீனில் சுற்றிப் பத்திரமாகக் கறுப்புக் கத்தி.

அதை எடுத்து வந்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். ரஞ்சிதம் கண்ணால் பார்க்கவில்லை. விரலால் தடவினாள். ரம்பப் பல்லைத் தொட்டதும் வாய் ஒரு பக்கம் கோணிச் சிரித்தது. மார்க்கெட்டில் பேரத்தில் ஜெயித்தால் வருகிற சிரிப்பு.

“அப்ப வந்துடுவான்” என்றாள். “பூவிழிகிட்ட சொல்லு.”

பதினொன்றரை மணிக்கு உயிர் பிரிந்தது. வலி இருந்த மாதிரி தெரியவில்லை.

மூன்று மணிக்குப் பந்தல் போட்டு, பறை வந்துவிட்டது. கால் பெருவிரல் இரண்டையும் வெள்ளைத் துணி நாடாவால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஊர்த் தலைவர் காசிலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் கேட்டார்.

“கொள்ளிக்கு யாரு?”

வினோதாவின் சித்தப்பா மகன் புருஷோத்தமன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு வந்து நின்றான். நல்லவன். பதினேழு நாளும் துறைக்கும் வீட்டுக்கும் அலைந்தவன். “நான் நிக்கறேன் மாமா” என்றான்.

பந்தலில் இருந்த பெண்கள் பூவிழியின் பக்கம் திரும்பினார்கள். பூவிழி நெற்றிப் பொட்டோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். புருஷோத்தமன் குடம் தூக்கினால் என்ன ஆகும் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். மகன் இடத்தில் இன்னொருவன் வந்துவிட்டான் என்று ஆகும். இன்று அம்மாவுக்குக் கொள்ளி. பதினாறு கழிந்தால் அவள் தாலிக்கு நாள் பார்ப்பார்கள்.

“வேணாம்” என்றாள் வினோதா.

புருஷோத்தமன் திகைத்தான். “ஏன் வினோதா, நான் வேத்து ஆளா?”

“நீ வேத்து ஆளு இல்லண்ணா. அதனாலதான் வேணாங்கறேன். அண்ணன் உசுரோட இருக்குது. அது இருக்கறப்ப நீ போட்டா அது இல்லன்னு ஆயிடும்.”

“பதினேழு நாளு ஆச்சும்மா” என்றார் காசிலிங்கம். மென்மையாகத்தான் சொன்னார்.

“ஆவட்டும் மாமா. நான் போடறேன். நான் தங்கச்சி. அண்ணன் வர லேட்டு, அதுக்குப் பதிலா நிக்கறேன். வந்து கேட்டா நான் சொல்லிக்கிறேன்.”

“பொம்பளப் புள்ள சுடுகாட்டுக்கா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“சேதராப்பட்டு கம்பெனியில எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டு மிஷின் ஓட்டறேன். அர மணி நேரம் கொடம் தூக்கிக்கிட்டு நிக்கமாட்டனா?”

காசிலிங்கம் அவள் இடுப்பைப் பார்த்தார். புடவை மடிப்பில் கறுப்புக் கத்தி சொருகியிருந்தது. “அது இன்னா?”

“அண்ணன் வுட்டுட்டுப் போன கத்தி. அம்மா பாத்துக் குடுத்தத எடுத்துக்கிட்டுப் போயிருக்குது. அம்மா தெரிஞ்சிக்கிட்டுத்தான் கண்ண மூடுனா.”

பறைகூட நின்றிருந்தது. தலைவர் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“பொண்ணு சொல்றதுல ஞாயம் இருக்குது. தூக்குங்கப்பா.”

சுடுகாட்டில் கடல் சத்தம் கேட்டது. விராட்டி அடுக்கி ரஞ்சிதத்தைக் கிடத்தியதும், “கால் கட்ட அறுக்கணும், பிளேடு குடுங்க” என்றார் வெட்டியான். கட்டோடு அனுப்பக் கூடாது. வினோதா தோளில் குடத்தோடு இருந்தாள். ஒரு கையால் கறுப்புக் கத்தியை எடுத்துத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தாள். நாடாவில் வைத்து அறுத்தாள். ரம்பப் பல் நூலில் மாட்டிக்கொண்டு முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை.

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

வினோதா குனிந்தாள். அம்மாவின் பாதங்களில் முகம் படக் குனிந்து, நாடாவைப் பல்லால் கடித்து இழுத்தாள். பட்டென்று அறுந்தது.

நிமிர்ந்தபோது காசிலிங்கத்தின் மீசை துடித்தது. “முருகையன் பொண்ணு” என்றார், அவள் அப்பாவை நினைத்துக்கொண்டு, பொதுவாக. “ரஞ்சிதம் அந்தக் கத்திய ஒதுக்குனது சரிதான்.”

குடத்தைத் தூக்கி மூன்று சுற்று வந்தாள். தண்ணீர் முதுகில் வழிந்தது. குடத்தைப் பின்னால் விட்டாள். திரும்பிப் பார்க்காமல் கொள்ளி வைத்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பால் தெளிக்கப் போனார்கள். காசிலிங்கம், புருஷோத்தமன், இன்னும் நாலைந்து பேர். சாம்பலில் இன்னும் சூடு இருந்தது. வினோதா சொம்பைச் சாய்த்தபோது புடவை மடிப்பில் போன் அடித்தது. தெரியாத நம்பர். கம்பெனியாக இருக்கும் என்று எடுத்தாள். யாரோ புரியாத பாஷையில் இரண்டு வார்த்தை பேசினார்கள். அப்புறம் இன்னொரு குரல். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி.

“வினோதா. நான்தான்.”

அவள் சொம்பை நிமிர்த்திக்கொண்டாள்.

“நாலு பேருமா?”

“நாலு பேரும். ஒடிசாக்காரனுங்க படகு ஒண்ணு கட்டி இழுத்துக்கிட்டு வருது. இப்பதான் டவரு கெடச்சிது.”

வினோதா போனைக் காதிலிருந்து எடுக்காமலே நாலு விரலைத் தூக்கிக் காட்டினாள். புருஷோத்தமனுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் பூவிழியின் பெயரைச் சொல்லிக்கொண்டு குப்பத்தைப் பார்த்து ஓடினான். வேட்டி அவிழ்ந்தது, பிடித்துக்கொண்டே ஓடினான். காசிலிங்கம் அப்படியே மணலில் உட்கார்ந்தார்.

“தண்ணிக்கு இன்னாண்ணா பண்ண?”

“ஐஸ் பெட்டி தண்ணி பத்து நாளு வந்துது. அப்புறம் ஒரு ராத்திரி மழ. தார்ப்பாய அறுத்துப் பை மாதிரி தெச்சி வெச்சிருந்தோம். அம்மாகிட்ட குடு.”

கடலிலிருந்து காற்று வந்து சாம்பலின் மேல்தூளை மட்டும் எடுத்துப் போனது.

“அம்மா நேத்துப் போயிட்டாண்ணா.”

அந்தப் பக்கம் டீசல் எஞ்சினின் சத்தம் மட்டும் கேட்டது.

“எந்தக் கத்தின்னு தெரிஞ்சிதான் போனா” என்றாள். “கூடையில பாத்தோம்.”

அவன் பேசினான். அறிக்கை கொடுப்பவன் மாதிரி, ஒவ்வொன்றாக.

“செத்த எஞ்சின்ல ஸ்பார்க் பிளக்கக் கழட்டுனேன். அதுல பீங்கான் இருக்குது இல்ல, அதுலதான் தெனம் கத்தியத் தீட்டுனேன். பாதியாத் தேஞ்சிடிச்சி. இன்னும் அறுக்குது.”

“ம்.”

“ஸ்பீக்கர்ல போடு.”

“போட்டுட்டேன்.”

“அம்மா பக்கத்துல வை.”

வினோதா முட்டி போட்டு, போனைச் சாம்பலுக்கு மேலே நீட்டிப் பிடித்தாள். நின்றிருந்தவர்கள் தலைத் துண்டை எடுத்தார்கள். எஞ்சினை நிறுத்தச் சொல்லி அவன் யாரிடமோ கேட்பது கேட்டது. எஞ்சின் நின்றது. அலை படகில் தட்டும் சத்தம். அதுவும் அடங்கின மாதிரி ஒரு நொடி.

டக்.

சொம்பில் மிச்சமிருந்த பாலை வினோதா நிதானமாகத் தெளித்தாள்.