தடைக்காலத்துக் குருவிகள்

குருவிகள் மேல் எனக்கு எந்த ஆசையும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோவளத்துக்குத் தெற்கே எங்கள் குப்பத்தில் வந்து வச்சலா யார் என்று கேட்டால் மீன் கூடைக்காரி என்பார்கள், வாய்க்காரி என்பார்கள். குருவிக்குத் தீனி போடுகிறவள் என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். போட்டது என் வீட்டுக்காரர் சிங்காரம். அந்தக் குருவிகளை நான் கண்ணில் எண்ணெய் ஊற்றிக் காத்ததற்குக் காரணம் வேறு.

அவர் காசிமேட்டில் விசைப்படகில் வேலை பார்க்கிறார். சித்திரை பிறந்ததும் மீன்பிடிக்கத் தடை வந்துவிடும். மீன் குஞ்சு பொரிக்கும் காலமாம். இரண்டு மாதம் படகு கரையில், இவர் வீட்டில். வீட்டில் என்பது ஒரு பேச்சுக்குத்தான். கல்யாணமான நாளிலிருந்து அந்த இரண்டு மாதமும் அவர் இருந்தது கடையில். எங்கள் பக்கம் கடை என்றால் ஒரே கடைதான். காலையில் போவார், பொழுது சாயும்போது யாராவது பைக்கில் வைத்துக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போவார்கள். மீனுக்குக் குடும்பம் பெருகும் காலத்தில் என் குடும்பம் அழிந்துகொண்டிருக்கும்.

போன வருஷம் செங்கல்பட்டில் டாக்டர் ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு தடவ இப்படி ரெண்டு மாசம் குடிச்சா ஈரல் தாங்காதும்மா" என்றார். குடித்தவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், டாக்டர் என்னிடம் சொல்கிறார். எல்லாரும் என்னிடம்தான் சொல்வார்கள். சொன்னால் நான் என்ன செய்வேன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்த வருஷம் தடை தொடங்கியபோது காலண்டரில் இரண்டு மாதத்தையும் நாள் நாளாக எண்ணிப் பார்த்தேன். ஆனால் அந்த வாரமே எங்கள் கொல்லை மருதாணிப் புதரில் தவிட்டுக்குருவிகள் கூடு கட்டின. மண் நிறத்தில் இருக்கும், எப்போதும் கூட்டமாகத் திரியும், குழாயடிச் சண்டை போல ஓயாமல் கத்தும். இவர் கை கழுவிய தண்ணீர் மண்ணில் ஊறுவதற்குள் அவை ஓடிவந்து அலகால் குத்திக் குடித்ததைப் பார்த்திருக்கிறார். உடனே ஒரு பழைய அலுமினியத் தட்டில் தண்ணீர் வைத்தார். பக்கத்தில் ஒரு கை நொய் இறைத்தார். மறுநாள் கட்டிலைப் புதருக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர், மாலை வரை எழுந்திருக்கவில்லை.

"கேன் தண்ணிய ஏன்யா ஊத்துற? போர்ல தண்ணி வரல?"

"போர் தண்ணி உப்பு கரிக்குது வச்சலா. நீ குடிப்பியா?"

இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு சொம்புத் தண்ணீர் மோந்து கொடுத்த மனிதர் இல்லை இவர். நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். ஏனென்றால் அவர் கடைப் பக்கம் போகவில்லை. கை நடுங்கியது, சோறு இறங்கவில்லை, வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் போகவில்லை. குருவிக் கூட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் படகு ஆட்களின் பெயர் வைத்தார். குண்டாக முன்னால் வருவது டிரைவர் மோசஸ். ஒற்றைக் காலைச் சாய்த்து நடப்பது வரதன். எல்லாவற்றையும் விட அதிகம் கத்துவதற்கு என் பெயர். நான் கோபித்துக்கொண்டதாக நடித்தேன். உள்ளே போய் மஞ்சள் துணியில் காசு முடிந்து, இந்தத் தடை முடிகிற வரைக்கும் இந்தச் சனியன்கள் நல்லா இருக்கணும் தாயே என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன்.

நான் மறந்தது பூனைகளை.

குப்பத்துப் பூனைகளுக்குச் சொந்தக்காரர்கள் கிடையாது. ஏலக்கூடத்தில் கழித்துப் போடும் மீனில் வளர்ந்தவை. வயிறு நிறைந்த நாளில் குருவி எதிரே நடந்தாலும் கண்ணைத் திறக்காது. இந்த வருஷம் ஏலக்கூடமே காய்ந்து கிடந்தது. சின்ன ஃபைபர் போட்டுகளுக்குத் தடை இல்லைதான், ஆனால் வலையைத் தூக்கினால் தொட்டால் அரிக்கும் சொறி என்ற ஜெல்லிமீன்தான் கொழகொழவென்று வந்தது. சொறியைப் பூனைகூடத் தின்னாது.

ஒரு நாள் விடிந்ததும் கொல்லைக்குப் போனால் தட்டைச் சுற்றி இறகு. அவர் எழுந்திருப்பதற்குள் பெருக்கித் தள்ளினேன்.

நொய் போட்டபோது அவர், "வரதன காணோமே" என்றார்.

"மாமியா வூட்டுக்குப் போயிருக்கும்."

"குருவிக்கு ஏதும்மே மாமியா வூடு?"

"உனக்கே ஒண்ணு கீது. அதுக்கு இருக்காதா?"

சிரித்துவிட்டார். தடைக்காலத்தில் அவர் பல்லைப் பார்த்து எத்தனை காலமாயிற்று. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பயம் அதிகமானது.

சில நாளில் இன்னொன்று போனது. அதையும் பெருக்கினேன். பூனைக்குப் பசி, வயிற்றுக்கு மீன் விழுந்தால் குருவியை விட்டுவிடும் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் மீன் ஒன்றுதான். கேளம்பாக்கம் மார்க்கெட்டுக்குப் போய், வழக்கமாக நான் விற்க உட்காரும் இடத்துக்கு எதிரிலேயே, கேரளாவிலிருந்து ஐஸில் வந்த மத்தி வாங்கினேன். முட்டைக்கடை ஷபானா பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா, மீன்காரி மீன் வாங்கினு போற?"

"பூனைக்கு."

"யாருக்கு?"

அவள் பக்கத்துக் கடைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு என்னை மறுபடி சொல்ல வைத்தாள். சொன்னேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும், என் கஷ்டம் எனக்கு.

மீனை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, அவ்வளவு முட்டாள் இல்லை நான். ஏலக்கூடத்தின் பின்பக்கம் கொண்டுபோய்ப் போட்டேன். விலா எலும்பு தெரிய ஒரு வரிப்பூனை வந்து தின்றது. மறுநாள் அதோடு இன்னும் சில. பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். மீன் தீர்ந்ததும் அவை அங்கேயே படுக்கவில்லை, என் பின்னால் நடந்து வந்தன. கூடைக்காரியின் சேலை வாடையைப் பூனைக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? நான் விரட்ட விரட்ட வீடு வரை வந்து, கொல்லைச் சுவரில் வரிசையாக ஏறி உட்கார்ந்தன. ஒரு பூனை திருடிக்கொண்டிருந்த வீட்டுக்கு ஊர்ப் பூனையை எல்லாம் கையைப் பிடித்து அழைத்து வந்திருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதற்கு மேல் அவரிடமிருந்து மறைக்க முடியவில்லை. ஒரு கழியை மடியில் வைத்துக்கொண்டு காவல் உட்கார்ந்தார். தட்டைக் கயிறு கட்டி முருங்கையில் தொங்கவிட்டுப் பார்த்தார். தவிட்டுக்குருவிகள் தரையில்தான் மேய்ந்தன, தட்டில் இருந்ததைக் காக்கை தின்றது.

"தட்ட எட்த்துடுய்யா" என்றேன். "ஒண்ணும் இல்லன்னா வேற எங்கனா பூடும். உசுராவது மிஞ்சும்."

"கூட்ல குஞ்சு கீது. அத்த வுட்டு எங்க போவும்?"

அவர் கழுத்து கறுத்து, கண் சிவந்து, குடிக்காமலே குடித்தவர் போல இருந்தார்.

கத்திரி வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம் குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கின. பறக்கத் தெரியாமல் இறங்கும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? வால்கூட முளைக்காமல் மூன்று உருண்டைகள் தத்தித் தத்தி ஆளுக்கொரு பக்கம் போயின. பெரிய குருவிகள் தலைக்கு மேல் அலறின. நாங்கள் இரண்டு பேரும் அங்கேதான் இருந்தோம், கண்ணைத் திறந்துகொண்டு, கையில் கழியும் துடைப்பமும் வைத்துக்கொண்டு. நான் ஒரு குஞ்சுப் பக்கம் ஓடினால் இன்னொன்றின் மேல் பூனை பாய்ந்தது. அவர் அதை அடிக்கப் போனால் பின்னால் மற்றொன்று. அடி எதன் மேலும் விழவில்லை. பால் பொங்கி வழியும் நேரம்கூட ஆகவில்லை, கொல்லையில் ஒரு குஞ்சும் இல்லை.

கடைசிக் குஞ்சை வரிப்பூனை கவ்விக்கொண்டு சுவர் தாண்டியது. அவரும் கழியோடு சுவர் ஏறிக் குதித்தார். இன்று அதைக் கொன்றுவிடுவார் என்று நினைத்தேன். கொல்லட்டும் என்றும் நினைத்தேன். நான் சுற்றிக்கொண்டு ஓடியபோது, கவிழ்த்து வைத்த ஓட்டைப் படகுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே வரிப்பூனை அவரைப் பார்த்துச் சீறிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றடியில், கண் இப்போதுதான் திறந்த குட்டிகள்.

"அதுக்கும் மூணு கீது" என்றார்.

"அட்ச்சுத் தொரத்துய்யா."

"அது இன்னா பண்ணும் வச்சலா? நாமதான் கடலுக்குப் போவலியே."

கழியைக் கீழே போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து புதருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். டீ வைத்துக் கொடுத்தேன், ஆறிப்போனது. மழை விழுந்தால் இன்னொரு கூடு கட்டும், நான் பார்த்திருக்கிறேன் என்று புளுகினேன். மீன் போட்டு ஊர்ப் பூனையை இழுத்து வந்தவள் நான்தான் என்றேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்து கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

நான் குறுக்கே போய் நின்றேன். அவர் கையைப் பிடித்தேன். "சாப்ட்டுப் போய்யா. காராமணி கொழம்பு வச்சிகீறேன், மாங்கா போட்டு."

"வந்து துன்றேன்."

எல்லாத் தடைக்காலத்திலும் காலையில் கடைக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போகும் வார்த்தை அதுதான். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வார். இத்தனை நாள் பொய்யில்லாமல் இருந்த வாயைப் பொய் சொல்ல வைக்க எனக்கு மனம் வரவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார், நோகாமல்தான் எடுத்தார். தெரு முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்னால் சத்தம் கேட்டது. மிச்சமிருந்த குருவிகள் இறங்கி வந்து, வழக்கமான இடத்தில் நொய் இல்லாமல் கத்திக்கொண்டிருந்தன. நொய் டப்பாவை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். சுவரில் இரண்டு பூனைகள் உட்கார்ந்திருந்தன. கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளிக்கொண்டு, அப்படியே நின்றேன். போடு என்று சொல்லவும் வேண்டாம் என்று சொல்லவும் வீட்டில் ஆள் இல்லை.