பதினோராவது முறை

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஹேமலதா நடத்தும் ஜெராக்ஸ் கடையில் பூங்குழலிக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஊரார் விண்ணப்பங்களையெல்லாம் அவள்தான் நிரப்பிக் கொடுப்பாள். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நான்கு வருடம் படித்தவள். எல்லாப் பாடத்திலும் தேறினாள். 'கணிதம் மூன்று' என்ற தாள் மட்டும் பத்து முறை எழுதியும் வரவில்லை. சேர்ந்ததிலிருந்து ஏழு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கெடுவும் போய் மூன்று வருடம் ஆகிவிட்டது. கேட்பவர்களிடம் "பி.இ. படிச்சேன்" என்பாள். "முடிச்சேன்" என்று வாயில் வராது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ரஞ்சித்குமார் என்ற வாடிக்கையாளர் ஒரு படிவத்தை நீட்டினார்.

"மேடம், இதை ஸ்கேன் பண்ணி ஏத்திடுங்க. இன்னைக்கு அஞ்சு மணியோட கடைசி."

பூங்குழலி படித்தாள். கால வரம்பு முடிந்தவர்களுக்குச் சிறப்புத் தேர்வு. ஒரே ஒரு வாய்ப்பு. கீழே கல்லூரி முதல்வரின் கையெழுத்து.

"நீங்க எந்த வருஷம் சேந்தீங்க சார்?"

"ரெண்டாயிரத்துப் பதினாலு."

"நான் பதினஞ்சு!" என்று கத்தியே விட்டாள். உள்ளே பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்த ஹேமலதா ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்றே முக்கால்.

"சாரோடத ஏத்திட்டு உனக்கு ஒரு ஃபாரம் பிரிண்ட் போடு. நான் வண்டிய எடுக்கறேன்."

"கடை அக்கா?"

"கடை எங்கயும் ஓடிடாது புள்ள."

சிமென்ட் லாரிகளுக்கு இடையே ஸ்கூட்டர் பறந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பூங்குழலிக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. கல்லூரி அலுவலகத்துக்குள் நுழைந்தபோது மூன்று பத்து.

"முதல்வர் மீட்டிங்ல இருக்காரும்மா. நாளைக்கு வாங்க" என்றார் கிளார்க்.

"நாளைக்கு நான் ஸ்டூடண்டே இல்ல சார். இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும்தான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். படிவத்தை வாங்கிக்கொண்டு மீட்டிங் அறைக்குள் போனார். கால் மணி நேரத்தில் கையெழுத்தோடு திரும்பி வந்தார். கல்லூரி வாசலில் இருந்த பிரவுசிங் சென்டரில் வரிசையில் காத்திருந்து படிவத்தை ஏற்றி முடித்தபோது நான்கு நாற்பத்தொன்று.

இரண்டு மாதம் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். நான்கு மணிக்கு மேல் ஹேமலதா அவளிடம் எந்த வேலையும் சொல்லவில்லை. தேர்வன்று முதல் கேள்வியைப் பார்த்ததுமே விடையின் கடைசி வரி வரை மனதில் ஓடியது. அப்படி அவளுக்கு இதுவரை நடந்ததில்லை.

முடிவு வந்த நாளில் கடை நிறையக் கூட்டம். பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. ரேஷன் கார்டில் பேர் சேர்க்க வந்திருந்த பொன்னாயியும் சேர்ந்து திரையையே பார்த்தாள். சட்டென்று திறந்தது. கணிதம் மூன்று: தேர்ச்சி.

"அக்கா, வந்துருச்சு! வந்துருச்சு!"

ஹேமலதா அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

"எத்தனை வருசப் படிப்பு தாயி?" என்றாள் பொன்னாயி.

"பத்து வருஷம்மா."

"அடேயப்பா! டாக்டருக்குக்கூட அவ்ளோ இல்லியே!"

பூங்குழலி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "ஆமாம்மா. இப்பதான் முடிச்சேன்."